ஆகஸ்டிலேயே சுருங்கும் பகல்

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது; ஆகஸ்ட் முடிவதற்குள் எட்டு மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. சென்னையில் இப்படி உணர்ந்ததே இல்லையே, ஏன்?

பதில்: சென்னையிலும் பகல் குறையத்தான் செய்கிறது. ஆனால் ஜூனில் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடமாக இருக்கும் பகல் டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடமாகும்போது, அந்த ஒன்றரை மணி நேர வேறுபாடு ஆறு மாதங்களில் பரவிக் கரைந்துவிடுவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதே இரு ஊர்களுக்கும் பொதுவான காரணம். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அந்தச் சாய்வின் விளைவு பெருகுகிறது. சென்னை 13 பாகையில் இருக்க, 51.5 பாகையில் உள்ள லண்டனின் பகலோ ஜூனில் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டி, டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்குகிறது.

இந்த இறக்கம் ஒரே சீராக நிகழ்வதில்லை. ஜூன் கடைசியில் நாளொன்றுக்குச் சில விநாடிகளே குறைந்த பகல், ஆகஸ்ட் இறுதியில் தினமும் மூன்றரை நிமிடம் வீதம் குறையத் தொடங்கி, செப்டம்பர் 22, 23 தேதிகளை ஒட்டி நான்கு நிமிடத்தை நெருங்குகிறது. தாங்கள் கவனித்தது அந்த வேகத்தைத்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும்போது, முந்தைய நாள் ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் அன்று நாலே முக்காலுக்கே மறைந்துவிடும். மாலை நடைப்பயிற்சியை மதியத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.