வெட்டுக்கத்தி காம்போடு முறிந்தால் அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். சிறுமலை அடிவாரத்தில் 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. மாதம் இரண்டு முறை போய், வேலியோரச் சீமைக்கருவேலத்தைக் கழிப்பது, விறகு நறுக்குவது, இளநீர் சீவுவது போன்ற வேலைகளை நானே செய்கிறேன். 'முழுக் காம்பு', 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று விளம்பரம் செய்யப்பட்ட 12 அங்குலக் கத்தி ஒன்றை இணையத்தில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் முறை பயன்படுத்தும்போதே அது பிடியோடு முறிந்து, அலகு என் முழங்காலை உரசிக்கொண்டு விழுந்தது. அடுத்து குக்ரி வாங்கலாமா, மசெட்டி வாங்கலாமா, உள்ளூரில் அரிவாள் அடித்துக்கொள்ளலாமா? விடுமுறையில் காட்டுக்குள் முகாமிடப் போகும்போது அதையே கொண்டுபோக முடியுமா? உடைந்ததை வெல்டிங் செய்தால் நிற்குமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டாவதுதான் எனக்குப் பயன்பட்டது. பிடியின் ரப்பர் உறையைக் கிழித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். முழுக் காம்பு என்றால் அலகின் தகடே தொடர்ந்து பிடியின் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும். அந்தத் தகடு அங்கே இல்லை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத போல்ட் ஒன்றை அலகின் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முறிந்த முகத்தில் ஓர் ஓரம் பிறை வடிவில் கறுத்தும், மீதி இடம் கற்கண்டை உடைத்தாற்போல வெளிறி மின்னிக்கொண்டும் இருக்கிறது. கறுத்த பிறை பழைய விரிசல். அதாவது உங்கள் கைக்கு வரும் முன்பே, அல்லது முதல் சில வெட்டுகளிலேயே, அந்த ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கடைசி வெட்டு மீதியை முறித்திருக்கிறது. ஆகவே நீங்கள் தவறாக வெட்டினீர்களோ என்ற கவலை வேண்டாம். அந்தக் கத்தி மரத்தை வெட்டுவதற்காகச் செய்யப்படவே இல்லை, படத்தில் காட்டி விற்பதற்காகச் செய்யப்பட்டது.

பெரிய கத்தி பெரும்பாலும் கூர்ப்பக்கத்தில் உடைவதில்லை; அலகு முடிந்து காம்பு தொடங்கும் கழுத்தில்தான் உடைகிறது. ஓங்கி வெட்டும்போது மரம் அலகை நிறுத்துகிறது, உங்கள் கை பிடியை மேலும் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது கழுத்து. அங்கே அலகின் அகலம் திடீரென்று குறைந்து, மூலைமட்டம் வைத்து வெட்டியதுபோல் இருந்தால் விசை முழுவதும் அந்த மூலையில் குவிந்து விரிசலைத் தொடங்கிவைக்கும். நல்ல ஆசாரி அடித்த அரிவாளில் அந்த இடம் வளைந்து வழிந்து இறங்கும்; பார்த்தாலே தெரியும். திரைப்படக் கத்திகளைப் பார்த்து முதுகில் ரம்பப் பல் வைத்துச் செய்கிறார்களே, அந்தப் பல் ஒவ்வொன்றின் அடியும் இப்படியொரு மூலைதான். அவற்றால் ஒரு குச்சியைக்கூட ஒழுங்காக அறுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பெயர்களைச் சொல்லி ஏமாற்றும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது எஃகின் தரப்பெயர் அன்று. யாரும் எதன்மேலும் பொறித்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் மலிவாக வருவது பெரும்பாலும் 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு. அது துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். '440' என்று எஃகின் எண்ணை மட்டும் அச்சிட்டு, அதில் ஏ, பி, சி எந்த வகை என்று சொல்லாமல் விடுவது இன்னொரு தந்திரம். டமாஸ்கஸ் என்ற பெயரில் வரும் அலை அலையான வரிகள் பல மலிவுக் கத்திகளில் அமிலத்தாலோ லேசராலோ மேலே வரைந்த கோலம் மட்டுமே. நாலு முறை சாணை பிடித்தால் கோலம் அழிந்துபோகும். ஓங்கி வெட்டும் நீளக் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகே வேண்டாம் என்பது என் கருத்து. துருப்பிடிக்கும் எஃகை வாங்கித் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். மசெட்டி என்பது லத்தீன் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கும் புதர்க்காடுகளுக்கும் ஏற்ப வளர்ந்த கருவி. அலகு 18 அங்குலம் அளவுக்கு நீண்டு, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லியதாக இருக்கும். கனத்தால் வெட்டுவதில்லை, வீச்சின் வேகத்தால் வெட்டுகிறது. பச்சைத் தண்டு, புல், கொடி ஆகியவற்றுக்கு இதைப்போல் சுகமானது வேறில்லை, நாள் முழுவதும் வீசினாலும் தோள் வலிக்காது. ஆனால் காய்ந்த சீமைக்கருவேலத்தில் போட்டால் அலகு அதிர்ந்து விலகும், மணிக்கட்டு கடுக்கும், கூர் மடங்கும். உங்கள் வேலி முழுக்கச் சீமைக்கருவேலம் என்கிறீர்கள். எனவே மசெட்டி உங்களுக்கு இல்லை.

குக்ரி அதற்கு நேர்மாறானது. நேபாளத்தில் தரானிலும் போஜ்பூரிலும் கையால் அடிக்கப்படும் குக்ரியின் முதுகு பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். அலகு முன்பக்கமாக வளைந்து, கனம் கைக்கு வெகு முன்னால் விழும்படி அமைந்திருக்கும். அங்குள்ள கொல்லர்கள், பழுக்கக் காய்ச்சிய அலகின் கூர்ப்பக்கத்தில் மட்டும் கெண்டியால் நீரை ஊற்றிக் கடினப்படுத்துவார்கள். முதுகு மென்மையாகவே இருந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். விறகுக்கு அருமையான கருவி, மறுப்பதற்கில்லை. ஆனால் மலை ஊர்களின் கடைத்தெருவில், உறையில் இரண்டு குட்டிக் கத்திகளையும் செருகி, 'ராணுவத்தில் கழித்தது' என்று சொல்லி விற்கப்படும் குக்ரியை நம்பி வாங்காதீர்கள். குட்டிக் கத்திகள் மரபில் உண்டு என்பது உண்மைதான், அதற்காக அவை இருப்பதே அலகின் தரத்துக்குச் சான்று ஆகிவிடாது. சுவரில் மாட்டுவதற்கென்றே மென்தகட்டில் வெட்டி, முலாம் பூசி, மூட்டை மூட்டையாக வரும் சரக்கு அது. நடுவில் இருக்கும் தரகருக்கும் அது எங்கே செய்யப்பட்டது என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

உங்கள் வேலைக்கு வெட்டரிவாள்தான் பொருந்தும். அதன் கொக்கி மூக்கு முள்கிளையை இழுத்துப் பிடிக்கும், நடு அலகு நறுக்கும், அடிப்பகுதி இளநீரைச் சீவும். நம் முள்காட்டுக்கும் தென்னைக்கும் ஏற்ப உருவான கருவி என்பதால் மூன்று வேலைக்கும் ஒன்றே போதும். 11 அல்லது 12 அங்குல அலகு, கழுத்தருகே 6 மில்லிமீட்டர் முதுகு, பிடியோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் எடை என்று கேளுங்கள். அதற்குமேல் நீளம் கேட்டால் ஆசாரியே உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், அது நியாயமும்கூட.

திருப்பாச்சேத்தி முத்திரை குத்தியிருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்து அந்த ஊரின் பெயரைத் திருவிழாக் கடைகளில் எந்தத் தகட்டின்மேலும் குத்தி விற்கிறார்கள். ஊரைவிட உலையை நேரில் பார்ப்பதே மேல். லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் நம் பட்டறைகளின் வழக்கமான எஃகு. அதில் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 விழுக்காடு இருப்பதால் அடியையும் தாங்கும், கூரையும் பிடித்துக்கொள்ளும். கட்டடக் கம்பியில் அதில் பாதிகூட இருக்காது, பழுக்கக் காய்ச்சி நீரில் எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்குக் கடினப்படாது. ஆனால் பல ஆண்டுகள் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நடுவில் போல்ட் துளை உள்ள பகுதியைத் தவிர்த்து வெட்டியெடுக்கச் சொல்லுங்கள், புதுப் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. 'தண்டவாள இரும்பு சார், அசைக்க முடியாது' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் இருக்கிறது. அரிவாளுக்காக அந்த வம்பு எதற்கு?

வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சிறிய புது அரம் இருக்கட்டும். ஆசாரியிடம் கேட்டுக்கொண்டு முதுகில் ஓர் இழு இழுங்கள். அரம் எளிதாகப் பற்றித் தூள் உதிர்க்கும். அடுத்துக் கூர்ப்பக்கத்தில் அதே அழுத்தத்தில் இழுங்கள். அரம் தயங்கித் தயங்கிப் பற்றினால் தோய்ச்சல் சரி. முதுகைப் போலவே எளிதாகப் பற்றினால் தோய்ச்சலே இல்லை. கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் தோய்த்தபின் மறுபடி இளஞ்சூடு காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது கணுவில் பட்டால் பல் பல்லாக உதிரும். காம்பு பிடி முழுவதும் ஓடி மறுமுனையில் மடக்கி அடிக்கப்பட்டிருக்கிறதா, பிடியின் வாயில் மாட்டிய பூண் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் அரக்கை உருக்கி ஊற்றிச் செருகியது ஒரே கோடையில் கழன்றுவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, தெருவில் வரும் மின்சாணைக்காரரிடம் கொடுத்துக் கெடுத்துக்கொள்பவர்களே அதிகம். பொறி பறக்கப் பறக்க அழுத்தித் தேய்க்கும்போது கூர் ஓரத்தில் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தின் சூடு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது, தோய்ச்சலும் அங்கே தளர்ந்துவிட்டது. கைச்சாணைக் கல்லும் தண்ணீரும் போதும். இருபக்கமும் 20 பாகைச் சாய்வில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்திகள் ஆயுத வகைக்குள் வருகின்றன, குக்ரி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் வடிவமைக்கப்பட்டவை விலக்கப்பட்டிருக்கின்றன. இந்த விலக்கை எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். விலக்கு கருவியின் வடிவத்துக்கு, உங்கள் தொழிலுக்கு அன்று. 'நான் விவசாயி, ஆகவே என் வாளும் விவசாயக் கருவி' என்று வாதிட முடியாது; இருபுறமும் கூருள்ள குத்துவாளை வயலில் வைத்திருந்தாலும் அது குத்துவாள்தான். வெட்டரிவாள் விலக்குக்குள் அடங்கும், ஆனால் நள்ளிரவில் வண்டி இருக்கைக்கு அடியில் அது கிடந்தால் விவசாயத்தை நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். அலகைச் சாக்கில் சுற்றி, மண்வெட்டி, கடப்பாரையோடு சேர்த்துக் கட்டி, பகலில் கொண்டுபோங்கள்.

காட்டுக்குள் இந்த விலக்கு கைகொடுக்காது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். கொடைக்கானல் மலைப்பகுதி 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே முகாமுக்கு அரிவாள் வேண்டாம்; அங்கே விறகு வெட்டுவதும் அனுமதிக்கப்பட்ட செயல் அன்று.

பட்டறையில் உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், எதற்கு வாங்குகிறீர்கள் என்பதையெல்லாம் கேட்டால் கோபிக்காதீர்கள். 2021 செப்டம்பரில் காவல்துறை தந்த அறிவுறுத்தல் அது, ஆசாரியின் குறும்பு அன்று. உழைத்துப் பிழைக்கும் கொல்லர் நோட்டுப் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது, போல்ட்டை ஒட்டி வைத்த 12 அங்குலக் கத்தியை 'முழுக் காம்பு' என்று பொய் சொல்லி உங்கள் வீட்டு வாசலுக்கே அனுப்பிவைத்த விற்பனையாளரிடம் யார் என்ன கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விளம்பரப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் முறிந்த துண்டுகளையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

உடைந்த கத்தியை மறுபடி வெல்டிங் செய்யாதீர்கள். சூடு பட்ட ஒட்டின் ஓரத்திலேயே அது திரும்பவும் முறியும், அப்போது அலகு முழங்காலை உரசிக்கொண்டு மட்டும் போகும் என்று சொல்ல முடியாது. புகார் முடிந்தபின் அலகை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து ஆணி அடித்தால், வீட்டில் தேங்காய் நார் உரிக்க உதவும்.