லெலோங்குக்கு வரையத் தெரியாதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்த பிறகும் கூத்தூர் கூடங்கள், அதாவது அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்தர உடை நிறுவனங்கள், எப்படித் திறந்திருந்தன?

ப: பெரும்பகுதி பாரிஸ் டிசைனர் லூசியேன் லெலோங்கின் பிடிவாதத்தால். 1940-இல் ஜெர்மானியர்கள் கூத்தூர் சங்க அலுவலகத்தில் புகுந்து ஆவணங்களை அள்ளிப் போனார்கள். தொழிலையே பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் மாற்றுவது அவர்கள் திட்டம். சங்கத் தலைவரான லெலோங் அந்த நவம்பரில் பெர்லினுக்கே போய் வாதாடினார். திட்டம் நின்றது.

கே: கோகோ ஷனெலும் அவரோடு சேர்ந்து போராடினாராமே?

ப: இல்லை. அவர் 1939-இலேயே உடைக் கூடத்தை மூடிவிட்டார். மறுபடி திறந்தது 1954-இல். ஒரு தேதியையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: லெலோங்குக்கு வரையவே தெரியாதாம். எல்லாம் டியோர் கைவண்ணமாம். அப்புறம் அவர் என்ன டிசைனர்?

ப: எத்தனை முறைதான் இதற்குப் பதில் எழுதுவது! லெலோங் தானே வரைந்தவர் இல்லை என்பது சரி. போர்க்காலத்தில் அவரிடம் வரைந்தவர்கள் கிறிஸ்டியன் டியோரும் பியர் பல்மேனும். ஆனால் ஓவியம் உடையாகிவிடாது. கூடத் தலைவி முதலில் மலிவான காடாத்துணியில் வெட்டி, மாடலின் உடம்பில் குண்டூசி குத்தி நிறுத்துவார். தோள் இழுக்கிறதா, இடுப்பில் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்து, பிரித்து, திரும்ப வெட்டுவார். அது சரியாக விழுந்த பிறகுதான் பட்டில் கத்தரி படும். எம்ப்ராய்டரிக்கும் பொத்தானுக்கும் இறகு வேலைக்கும் தனித்தனிப் பட்டறைகள், எல்லாம் பாரிஸுக்குள்ளேயே. ஆவணப் பெட்டியை ரயிலில் ஏற்றலாம், இந்தக் கைகளை ஏற்றிக் கொண்டுபோய் இன்னொரு ஊரில் நட முடியாது. பெர்லினில் லெலோங் வைத்த வாதமும் இதுதான்: கூத்தூர் பாரிஸில் இருக்கும், இல்லையென்றால் எங்குமே இருக்காது. தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் இப்படிப் பேச முடியும். கூடத்தை நடத்துவதும், சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பதும், தையல்காரிகளுக்கு வேலை போகாமல் பார்ப்பதும் டிசைனர் வேலை இல்லையா? 1947-இல் டியோர் தன் பெயரில் முதல் தொகுப்பைக் காட்டியபோது, அந்தக் கையும் கண்ணும் லெலோங் கூடத்தில் சில வருடம் பழகியவை.

கே: போரில் 12,000 பேர் வேலையை அவர் காப்பாற்றினார் என்பது உண்மையா?

ப: ஏறக்குறைய 90 கூடங்கள், 12,000 தொழிலாளர்கள் என்பது அவர் தரப்பே பின்னால் சொன்ன கணக்கு. போர் முடிந்த பிறகு சொல்லப்பட்ட கணக்கை அப்படியே விழுங்காதீர்கள். யூத முதலாளிகளிடமிருந்து நிறுவனங்கள் பறிக்கப்பட்ட காலம் அது. ‘காப்பாற்றினார்’ என்று எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கே: அப்போது கூத்தூர் உடை வாங்கியவர்கள் ஜெர்மன் அதிகாரிகளின் மனைவிகள் மட்டும்தானா?

ப: மட்டும் இல்லை. 1941-இல் துணிக்கு ரேஷன் வந்தது, கூத்தூர் வாங்கத் தனிக் கார்டு. சுமார் 20,000 கார்டில் ஜெர்மானியருக்கு 200 என்பார்கள். இதுவும் தொழில் தரப்புக் கணக்கே, மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு. கள்ளச்சந்தையில் திடீர்ப் பணக்காரரான பிரெஞ்சுக்காரர்களும் நிறைய வாங்கினார்கள்.

கே: மதாம் க்ரே, பலென்சியாகா என்ற டிசைனர்களின் கூடங்களை ஜெர்மானியர்கள் மூடினார்களா?

ப: ஆமாம், 1944-இல், துணி வரம்பை மீறியதாகச் சொல்லி. தற்காலிகமாகத்தான்.

கே: ஜெர்மானியருக்கு ஒத்துழைத்ததாக லெலோங்மேல் வழக்கு வந்ததா?

ப: வந்தது, விடுவிக்கப்பட்டார். 1948-இல் கூடத்தை மூடினார், 1958-இல் காலமானார்.