பையில் முழுசாக வந்து விழும் மாத்திரை

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். மலக்குடல் புற்றுக்காக மூன்று மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஆபரேஷன் ஆனது. வயிற்றில் தற்காலிகமாக இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடுவது) செய்து மலம் சேரப் பை வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர் 1000 இரண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்டன்-எச், அப்புறம் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். பத்து நாளாகப் பையைக் காலி செய்யும்போது மாத்திரை முழுசாக வந்து விழுகிறது. சர்க்கரை 290 காட்டுகிறது. பொடித்துக் கொடுத்தால் சேரும் என்று பக்கத்து லைன் வீட்டு அக்கா சொல்கிறார். செய்யலாமா? காலையில் எழுந்ததும் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்றும் சொல்கிறார். சுடுதண்ணீரும் டீயும் நிறையத்தான் குடிக்கிறார்.

பதில்: பொடிக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், போகிற போக்கில் நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்தத் தலைச்சுற்றைப் பார்ப்போம். எனக்கு மாத்திரையைவிட அதுதான் கவலையாக இருக்கிறது.

இதைப் படிக்கிற அன்றே அம்மாவை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். கோயம்புத்தூரில் கொடுத்திருக்கும் அடுத்த செக்-அப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். கோத்தகிரி அரசு மருத்துவமனை போதும். அங்கே முடியாததற்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நிற்கும்போது ஒரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சோர்ந்தால் ஏறும் கழிவு), சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்க வேண்டும். முடிந்தால் சிறுநீரில் சோடியமும் பார்க்கலாம். கிரியேட்டினின் ஏறும் முன்பே உடம்பு உப்புக்குத் தவிக்கிறது என்பதை அந்தச் சின்னப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த வேளை டெல்மிசார்டன்-எச் கொடுக்கும் முன், அதைப் போடலாமா நிறுத்திவைக்கலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? பையில் வந்து விழும் மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயப்படுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் ஒழுங்காக உடம்பில் சேர்ந்துவிட்ட மாத்திரையும் இலியோஸ்டமி வைத்தவருக்குக் கெடுதல் செய்யலாம். அம்மாவின் பிரஷர் மாத்திரை அந்த ரகம். அது சிறுகுடலின் மேற்பகுதியிலேயே நன்றாக உறிஞ்சப்பட்டுவிடும். அதன் பெயருக்குப் பின்னால் இருக்கும் 'எச்' என்பது ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரை அதிகமாக்கி உப்பை வெளியேற்றும் மருந்து. பை வழியாக ஏற்கனவே உப்பும் நீரும் போய்க்கொண்டிருக்கும் உடம்பில் இந்த மாத்திரை இன்னும் கொஞ்சம் இறைக்கிறது. டெல்மிசார்டன் வேறு, ரத்த ஓட்டம் குறையும் நேரத்தில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடும். இப்படித்தான் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடுகிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் சோர்ந்தால் அது உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம். 290 சர்க்கரையும் சிறுநீரை அதிகமாக்கும். ஆக, அம்மாவுக்கு நீர் மூன்று பக்கம் கசிகிறது.

சரி, இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம்.

நம் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அதன் கடைசிப் பகுதிக்குப் பெயர் இலியம். அந்த இடத்தில் குடலை வெளியே எடுத்து வயிற்றில் வாய் வைப்பதுதான் இலியோஸ்டமி. உங்கள் அம்மாவுக்குச் செய்திருப்பது போன்ற தற்காலிக இலியோஸ்டமியில் சிறுகுடலின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது, பெருங்குடல் மட்டும் பாதையை விட்டு விலகி நிற்கிறது. பெரும்பாலான சாதாரண மாத்திரைகள் சிறுகுடலின் மேற்பாதியிலேயே கரைந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதனால் பை வைத்தவருக்கு எந்த மாத்திரையும் சேராது என்பது தப்பான பயம். குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குச் சாதாரண மாத்திரைகூட முழுசாகச் சேராமல் போகலாம்.

சிக்கல் மெதுவாகக் கரையும் மாத்திரைகளில்தான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று எழுத்துகள் இருந்தால் அது 12 மணி நேரமோ 24 மணி நேரமோ கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்தது. இரைப்பையைத் தாண்டியபின் சிறுகுடலைக் கடக்க 3, 4 மணி நேரம். அதற்கப்புறம் பெருங்குடலில் ஒரு நாள் வரைகூடத் தங்கும். அந்தத் தங்கலையும் நம்பித்தான் இந்த வகை மாத்திரைகள் பலவற்றைச் செய்கிறார்கள். அம்மாவுக்குப் பெருங்குடலில் தங்கல் கிடையாது. பாதி மருந்தைத் தனக்குள் வைத்தபடியே மாத்திரை பைக்கு வந்துவிடலாம்.

பொடித்தால் என்ன ஆகும் என்றால், நாள் முழுக்க விட வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும். சில மருந்துகளில் அது உயிருக்கே ஆபத்து. மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. நடுவில் கோடு போட்டிருந்தால்கூட டாக்டரைக் கேட்காமல் உடைக்கக் கூடாது. அந்த அக்கா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். சாதாரண மாத்திரைக்கு அது சரியாகவும் இருக்கலாம். இதற்குச் சரிவராது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் எஸ்ஆர் வகைகள் சிலவற்றில் மருந்து முழுக்க வெளியேறிய பின்னும் கூடு மட்டும் மாத்திரை வடிவத்திலேயே மிஞ்சும். முழுக் குடல் உள்ளவர்களும் மலத்தில் அதைப் பார்த்துப் பயந்துபோய் வருவார்கள். அடுத்த முறை விழும்போது பையின் மேலிருந்தே விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஊறிப்போய், ஜவ்வரிசி வெந்தது போல் வழவழவென்று நசுங்கினால் அது கூடாக இருக்கலாம். அட்டையிலிருந்து எடுத்தது போல் கெட்டியாக இருந்தால் கரையவே இல்லை. எப்படி இருந்தாலும் சர்க்கரை 290 இருக்கும்போது மருந்தை மாற்றி யோசிக்கத்தான் வேண்டும். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் மெட்ஃபார்மினையே எஸ்ஆர் இல்லாத சாதாரண மாத்திரையாக, சாப்பாட்டோடு பிரித்துக் கொடுக்கலாம். அதனால் பையில் தண்ணீராகப் போவது கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். சரியில்லை என்றால் கொஞ்ச நாளைக்கு இன்சுலின்தான் நல்லது. ஊசி குடலை நம்பி இல்லை. டாபாகிளிஃப்ளோசின் போல சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மாத்திரைகளை யாராவது எழுதினால் பை இருப்பதைச் சொல்லுங்கள். நீர் வற்றும் உடம்புக்கு அவை ஆகாது.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நோயாளி. பல வருடத்துக்கு முன் குன்னூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு முதுகுவலி. 12 மணி நேரம் நிற்கும் வலி மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தேன். பை இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் பேனாவைப் பிடித்தபோது அது நினைவில் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்தார். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்தார். உள்ளே ஆறு மாத்திரை. கழுவித் துடைத்து வைத்திருந்தார். மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. "ஐயா, இது சும்மா உள்ள போய் சுத்திப் பாத்துட்டு வருது" என்றார். ஒரு வாரம் அவர் வலியோடு தூங்காமல் இருந்ததற்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து பை வைத்தவருக்கு மருந்து எழுதும் முன் சட்டையைத் தூக்கி அந்தப் பையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அமிலத்தில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சுப் போட்ட மாத்திரைகளும் உண்டு. அவற்றில் அசிடிட்டிக்குக் கொடுக்கும் பாண்டோப்ரசோல் போல சிறுகுடலின் தொடக்கத்திலேயே பூச்சு கரைவன பெரும்பாலும் வேலை செய்துவிடும். குடல் அழற்சிக்குக் கொடுக்கும், குடலின் கடைசியில் கரையும்படி செய்த மெசலமைன் வகைகள் முழுசாக வெளியே வரலாம். அதே நோய்க்கான சல்ஃபாசலசின் என்ற மருந்தைப் பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் உடைத்தால்தான் அது குடலுக்கு மருந்தாகும். பெருங்குடல் பாதையில் இல்லாதபோது அதனால் குடலுக்குப் பலன் இல்லை.

வலிக்கு அம்மாவுக்குச் சாதாரண பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் வேண்டாம், இப்போதைய நிலையில் சிறுநீரகத்துக்கு அவை விஷம் மாதிரி. பை சரியாகப் போகவில்லை என்று யாராவது பேதி மாத்திரை கொடுத்தால் தொடாதீர்கள். எட்டு மணி நேரம் பையில் எதுவுமே வராமல், வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கீமோ மாத்திரை தொடங்கியிருந்தால், பையில் தண்ணீராகக் கொட்ட ஆரம்பித்த அன்றே கீமோ டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்த வேளையை அவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

இனி தண்ணீர். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள், ஏனென்றால் நம் மலையில் பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிரில் தாகம் தெரியாது, வேர்வையும் தெரியாது. உடம்பு வற்றுவது கடைசியில்தான் உறைக்கும். தாகம் தெரிந்ததும் நாம் குடிப்பது சுடுதண்ணீரும் தேத்தண்ணியும். அவற்றில் உப்பு இல்லை. பெருங்குடல் பாதையில் இல்லாதவர் உப்பில்லாத தண்ணீரை நிறையக் குடித்தால், அந்தத் தண்ணீர் குடல் சுவரிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு பையில் வந்து விழும். குடிக்கக் குடிக்க வற்றும். பையில் போகும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு போகிறது. அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் வீட்டில் குழம்பிலும் உப்பைக் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அறிவுரை ஆபரேஷனுக்கு முன்னால் சரி. இப்போது அப்படியே தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஒரு லிட்டர் ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) பாக்கெட்டைக் கரைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, உப்பைக் குடலுக்குள் ஏற்றிவிட அது வேண்டும். வெறும் தண்ணீரும் டீயும் எவ்வளவு என்பதை டாக்டர் அளந்து சொல்வார், பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது, பையில் போவதைக் கொஞ்சம் கெட்டியாக்கும். நம் ஊர் பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பை சிவப்பாக இருந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். சாப்பிடாத நாளில் சிவந்தால் காட்டுங்கள்.

அளவு தெரிய, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்கி இதற்கென்றே பாத்ரூமில் வைத்துவிடுங்கள். காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை பையில் வருவதையெல்லாம் அதில் ஊற்றிக் குறித்துவிட்டுக் கொட்டுங்கள். 500 முதல் 800 மில்லி வரை வழக்கம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சிறுநீர் நாளுக்கு ஒரு லிட்டராவது வெளுப்பாகப் போக வேண்டும். மஞ்சளாகக் குறைவாகப் போனாலோ, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ உப்பும் நீரும் போதவில்லை. பையில் போவதைக் குறைக்க லோப்பரமைடு எழுதிக்கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், அதிகமானால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

தைராய்டு மாத்திரை சிறுகுடலில்தான் சேர்கிறது, ஆனால் அதற்கு டீ ஆகாது. எஸ்டேட் வீடுகளில் ஐந்தரைக்கு அடுப்பில் டீ கொதிக்கும்போதே மாத்திரையையும் வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் ஓஆர்எஸ்ஸோ தண்ணீரோ இரண்டு வாய் குடித்துப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து டீ குடிக்கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இலியத்தின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். எடுத்திருந்தால் வைட்டமின் பி12 அங்கேதான் சேர வேண்டும் என்பதால் ஊசி தேவைப்படலாம்.

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபடுவது உங்களுக்குத் தெரியும். 2009 நவம்பர் மண்சரிவின்போது பல ஊர்கள் துண்டாகிப்போயின. ஓஆர்எஸ் பாக்கெட்டும் பையும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பையை எடுத்து குடலை மறுபடி சேர்த்த பிறகு இந்தக் கணக்கு எல்லாம் மாறும். அப்போது எஸ்ஆர் மாத்திரை மறுபடி ஒத்துவரலாம், பிரஷர் மருந்து மறுபடி தேவைப்படலாம். அன்றைக்கும் இதே மருந்துச் சீட்டை முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பையில் விழுந்த மாத்திரை ஒன்று இருந்தால் அதையும் கழுவித் தாளில் மடித்து எடுத்துப் போங்கள். அங்கே போனதும் முதலில் தலைச்சுற்றைச் சொல்லுங்கள், அப்புறம் மாத்திரையைக் காட்டுங்கள்.