அரபு சூஃபிச் சுவடிகளில் ஏன் பெயர்ப் பட்டியல் இருக்கிறது?

அந்தப் பட்டியலுக்குப் பெயர் 'ஸமா', அதாவது 'கேட்டல்'. நூலை உரக்க வாசித்தவர், உட்கார்ந்து கேட்டவர்கள், ஊர், தேதி என எல்லாவற்றையும் சுவடியிலேயே எழுதிவைப்பார்கள்.

ஒரு காரணம் எழுத்தில் இருக்கிறது. அரபியில் ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ப', மேலே இரண்டு வைத்தால் 'த'. அவசரத்தில் எழுதுகிறவர் புள்ளியை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். இறையனுபவம் பேசும் நூலில் அது சின்னப் பிழையாக முடியாது. அதனால் ஆசிரியர் முன்னால் வாசித்துச் சரிபார்த்தார்கள். நம் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்குவதைப் போலத்தான்.

நல்ல உதாரணம் சூஃபி ஞானி இப்னு அரபியின் 'அல்-ஃபுதூஹாத் அல்-மக்கிய்யா' என்ற பெருநூல். முதல் வடிவத்தை முடித்த பிறகும், எழுபது வயதை நெருங்கும்போது மறுபடி எழுத உட்கார்ந்தார்! 1238-இல் முடித்தார். அவர் கைப்பட எழுதிய அந்த 37 தொகுதிகள் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளன. டமாஸ்கஸில் அவர் முன் வாசித்தபோது கேட்டவர்களின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன.

அப்புறம், சூஃபிகளின் இசைக்கூடலுக்கும் 'ஸமா' என்றே பெயர் என்பதால், பலர் இதைப் பாடகர் பட்டியல் என்று நினைத்துவிடுகிறார்கள். இது பாடம் கேட்டவர்களின் பதிவு.