வண்டி திடீரென்று இழுக்கவில்லையா? பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: என் டீசல் காருக்கு 12 வயது. டர்போ உள்ள வண்டி. போன வாரம் மேடு ஏறும்போது திடீரென்று இழுவை போய்விட்டது. அதற்குப் பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே மறுக்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. டீசல் பம்ப், இன்ஜெக்டர்கள் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுபவை), டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) எல்லாவற்றையும் கழற்றி வேலைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். பம்பும் இன்ஜெக்டரும் பெரும்பாலும் மெல்லத்தான் தேயும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், புகை, மைலேஜ் குறைவு என்று மாதக்கணக்கில் அறிகுறி காட்டும். நேற்று வரை நன்றாக ஏறிய வண்டி இன்று ஏறவில்லை என்றால் எங்கோ அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏதோ ஒரு குழாய் பிளந்திருக்கிறது.

மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது புகை எப்படி வருகிறது என்று பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்புகை கக்கினால் காற்று போதவில்லை. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்குவது. இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வழியாக இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய். வயதான வண்டியில் அது அடிப்பக்கம் வெடித்திருக்கும், அல்லது கிளிப் நழுவியிருக்கும். மிதிக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வரும், பிளந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். டர்போவைக் கட்டுப்படுத்தும் பென்சில் தடிமன் வாக்யூம் குழாய் இருந்தால் அதையும் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். அதில் ஒரு சின்ன விரிசல் விழுந்தாலே வண்டி பாதி பலத்தில்தான் ஓடும்.

இதை மாற்றுவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அதனால்தான் பேச்சு நேராக டர்போவுக்குத் தாவுகிறது. குழாயைக் கழற்றி, டர்போவின் அச்சை விரலால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி, "பாருங்க, ஆடுது" என்பார்கள். நின்றிருக்கும் இன்ஜினில் அந்த அச்சு பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். எண்ணெய் அழுத்தம் வந்த பிறகுதான் அது நடுவில் நிற்கும். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ இறக்கை சுவரில் உரசிய தழும்பு இருந்தாலோதான் டர்போ போயிற்று என்று அர்த்தம். இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டியே எத்தனை நல்ல டர்போக்களைக் கழற்றி, பெயின்ட் அடித்த பழையதைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்!

டீசல் போதவில்லை என்றால் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், அதன் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். பலருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் சரியாக ஓடி, மறுபடி திணறுகிறது. புது ஃபில்டர் போட்டும் இதே கதை என்றால் டேங்குக்குள் பாருங்கள். உறிஞ்சு குழாயின் வலையில் குப்பை போய் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் போய் அது கீழே விழுந்துவிடும். அதனால்தான் ஓய்வு கொடுத்தால் 'குணமாகிறது'. ஆனால் காத்திருக்காமல் சாவியை அணைத்துப் போட்டவுடனே இழுவை திரும்பினால் அது டேங்க் இல்லை. வண்டியின் கணினி ஏதோ கோளாறைப் பார்த்துப் பலத்தைக் குறைத்திருக்கிறது. விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனர் (அந்தக் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும்.

ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால் உடனே அதை வாங்கிவிடாதீர்கள். காற்றழுத்தம் குறைவு என்று சென்சார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், குழாய்தான் பிளந்திருக்குமே! சோதிக்கும் முறைகளைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். வெளி மெக்கானிக் ஊகிக்கிறார், ஊகத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மேட்டில் ஏறும்போது ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசலைப் பங்கிடும் பொதுக் குழாய்) அழுத்தம் எவ்வளவு? இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலை அளந்தீர்களா? ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிச் சீசாவில் பிடித்து ஒப்பிடுவது சின்ன வேலை. ஒன்றில் மட்டும் அளவு எகிறினால் அந்த ஒன்றைக் கழற்றினால் போதும். பழைய பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க மட்டும் விடாதீர்கள். இப்படி ரெயில் உள்ள 'காமன் ரெயில்' வண்டியில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கழற்றிய டீசல் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். உள்ளே மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பம்ப் விஷயத்தில் மெக்கானிக் சொன்னது சரி, அது போயிற்று. அப்போது டேங்க், குழாய்கள், ரெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் புது பம்பை மாட்ட விடாதீர்கள்.