விழுந்தவரைக் கேட்கிறீர்கள், ஜெயித்தவரை?

இந்த வாரம் டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் வேகமாகக் கீழிறங்கும் பனிச்சறுக்குப் பந்தயம் பற்றி வந்த கடிதங்கள்.

கேள்வி: பழைய குளிர்கால ஒலிம்பிக் வீடியோ ஒன்று பார்த்தேன். ஒரு வீரர் அந்தரத்தில் பறந்து, தலைகீழாக வந்து விழுந்து, பாதுகாப்பு வலைகளையும் பிய்த்துக்கொண்டு போகிறார். பிழைத்தாரா, இல்லையா?

பதில்: பிழைத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தே நின்றார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர். 1998 நாகானோ ஒலிம்பிக், ஹகுபா மலைச்சரிவு, பிப்ரவரி 13. பந்தயம் 8ஆம் தேதியே நடந்திருக்க வேண்டியது. பனிப்பொழிவு, மூடுபனி என்று தள்ளித் தள்ளிப் போட்டார்கள். நானும் தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து, 'இன்றும் இல்லை' என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். கடைசியில் நடந்த அன்றைக்குப் பார்த்தது இந்தக் காட்சி. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து நின்றது ஞாபகம் இருக்கிறது.

மையர் முன்பு கொத்தனார் வேலை பார்த்தவர். அந்த உடம்பு தாங்கியிருக்க வேண்டும். மூன்றே நாளில், 16ஆம் தேதி, சூப்பர்-ஜி பிரிவில் (டவுன்ஹில்லைவிடத் திருப்பங்கள் அதிகம்) தங்கம் வாங்கினார். 19ஆம் தேதி, திருப்பங்கள் இன்னும் நெருக்கமான ஜயன்ட் ஸ்லாலமில் இன்னொன்று. 2001இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலையே இழக்கும் நிலைக்குப் போய், 2003 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் சூப்பர்-ஜியில் திரும்பவும் முதலாவதாக வந்தார்.

ஒரு சின்ன மனத்தாங்கல். இதே கேள்வியோடு வந்த நான்காவது கடிதம் உங்களுடையது. அன்றைக்கு ஜெயித்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்கிறார்களா பார்ப்போம்.

கேள்வி: சரிவில் விட்டால் எதுவும் தானாக உருண்டு வரும். இதில் திறமை எங்கே இருக்கிறது? குண்டானவர்தானே ஜெயிப்பார்?

பதில்: கேலியாகக் கேட்டிருந்தாலும் பாதி சரி. எடை உதவும். உடல் பெரிதாகும்போது எடை கூடுகிற அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை. டவுன்ஹில் வீரர்கள் பலரும் கட்டுமஸ்தாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

மீதிப் பாதிக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரே ஒரு முறை சுவிட்சர்லாந்தின் வெங்கன் மலையில் லாபர்ஹார்ன் பந்தயத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பல்சக்கர ரயிலில் ஏறி, வெங்கர்னால்ப் நிலையத்தில் இறங்கி, முழங்கால் பனியில் நடந்து வேலியோரம் நின்றேன். சுமார் நாலரை கிலோமீட்டர் தடம். ஆண்டுதோறும் பல மலைகளில் நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் இதுதான் நீளமானது. ஓரிடத்தில் ரயில் பாதைக்கு அடியில் புகுந்துகூடப் போகும். டிவியில் அந்தச் சரிவு ஏதோ சாய்வான மைதானம் மாதிரி தெரியும். நேரில் பார்த்தால் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி அடிவயிறு கூசுகிறது.

அதைவிட, சத்தம். டிவியில் ரசிகர்களின் மாட்டுமணி ஓசைதான் கேட்கும். வேலியோரம் நின்றால், ஆள் கண்ணில் படும் முன்பே தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு மேலிருந்து வரும். பனி அங்கே பஞ்சு இல்லை. தண்ணீர் பாய்ச்சி இறுக வைத்த பனிக்கட்டி. அதில் ஸ்கியின், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையின், எஃகு விளிம்பு அறுத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. ஆள் என்னைத் தாண்டிப் போனபோது முகத்தில் காற்று அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். ஒரு விஷயம் மட்டும் கவனித்தேன்: தொடைக்குக் கீழே கால்கள் தையல் மிஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன, தலை மட்டும் அசையவே இல்லை.

திறமை அங்கேதான் இருக்கிறது. முட்டி மடக்கி முட்டை மாதிரி குறுகி உட்கார்ந்தால் காற்றின் தடை குறையும். ஆனால் அப்படியே இருந்தால் திருப்பத்தில் விழ வேண்டியதுதான். எப்போது குறுக வேண்டும், எப்போது நிமிர வேண்டும், விளிம்பை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது நொடிக்கு நொடி மாறும். ஒரு பொட்டு அதிகமாக அழுத்தினால் அது பிரேக். குறைத்தால் வேலிக்குள் போக வேண்டும். இன்னொன்று, பந்தயம் தாவும் இடங்களில் முடிவாகிறது என்று நினைக்காதீர்கள். யாரும் படம் பிடிக்காத சமதளப் பகுதியில், ஸ்கியைத் தட்டையாக வைத்து வழுக்கத் தெரியாதவர் மேலே சம்பாதித்த நேரத்தை எல்லாம் கரைத்துவிடுவார்.

மறுநாள் எனக்கும் ஆசை வந்து, வாடகைக்கு ஸ்கி எடுத்துக் குழந்தைகள் பழகும் சரிவில் இறங்கினேன். ஆறு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை வந்து நான் தவறவிட்ட கோலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தோடு சரி.

கேள்வி: எல்லோரும் ஒன்றாகக் கிளம்பாமல் ஒவ்வொருவராக வருவது ஏன்? சுவாரசியமே இல்லையே.

பதில்: தடத்தின் அகலத்தையும் வேகத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இருவர் உரசினால் இருவருமே காலி. ஒருவருக்கு ஒரே ஒரு ஓட்டம், கடிகாரம்தான் எதிராளி. தடத்தில் கம்பங்கள் நட்டுக் குறித்த வழிகளில் (கேட்) ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. மலைச்சரிவில் இறங்கும் மற்ற (ஆல்பைன்) பிரிவுகளில் பந்தயத் தடத்தில் முன்கூட்டியே ஓடிப் பார்க்க முடியாது. டவுன்ஹில்லில் பயிற்சி ஓட்டம் கட்டாயம். எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: 0.09 நொடி வித்தியாசத்தில் தங்கம், வெண்கலம் என்று படித்தேன். இதெல்லாம் ஒரு வித்தியாசமா?

பதில்: 2010 வான்கூவர் ஒலிம்பிக்கைச் சொல்கிறீர்கள். விஸ்லர் மலையில் சுவிஸ் வீரர் டிடியே டெஃபாகோ முதலிடம், நார்வேயின் ஆக்செல் லுன்ட் ஸ்விண்டால் 0.07 பின்னால், அமெரிக்காவின் போடி மில்லர் 0.09 பின்னால். கணக்குப் போடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 28 மீட்டர். 0.09 நொடியில் இரண்டரை மீட்டர். ஆண்கள் டவுன்ஹில் ஸ்கியின் குறைந்தபட்ச நீளம் 218 சென்டிமீட்டர். ஆக, ஒரு ஸ்கி நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மலை முழுக்க இறங்கி வந்து!

இதைவிட வேடிக்கை 2014 சோச்சியில், பெண்கள் டவுன்ஹில்லில். ஸ்லோவேனியாவின் டினா மாஸே, சுவிட்சர்லாந்தின் டோமினிக் கிசின் இருவருக்கும் 1 நிமிடம் 41.57 நொடி. நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே கணக்கில் எடுப்பதில்லை. இருவருக்கும் தங்கம்.

கேள்வி: அந்தக் குளிரில் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடையோடு எப்படி நிற்கிறார்கள்? ரப்பர் மாதிரி ஏதாவது போட்டால் வேகமும் கூடுமே?

பதில்: கூடும். அதனால்தான் விதி வைத்துத் தடுத்திருக்கிறார்கள். காற்று புகாத உடை கூடாது. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக நொடிக்குக் குறைந்தது 30 லிட்டர் காற்று போக வேண்டும், அதைச் சோதித்தும் பார்ப்பார்கள். குளிருக்கு, கிளம்பும் வரை மேலே கோட்டு போட்டுக்கொண்டு கையைக் காலை உதறிக்கொண்டிருப்பார்கள். உள்ளே காற்றுப்பையும் உண்டு, விழும்போது விரியும்.

கேள்வி: இந்த விளையாட்டில் எத்தனை வயதில் ஓய்வு பெறுவார்கள்?

பதில்: அவசரமே இல்லை. பிரான்ஸின் யோஹான் கிளாரே 2022 பெய்ஜிங்கில் 41 வயதில் வெள்ளி வாங்கினார், தங்கம் வாங்கிய பெயட் ஃபோய்ட்ஸுக்கு 0.10 நொடி பின்னால். அதே கிளாரேதான் 2013இல் நான் மேலே சொன்ன வெங்கன் தடத்தில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தில் போனவர். எனக்குக் காரில் அந்த வேகம் என்றாலே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த டவுன்ஹில் ஓட்டம் எது? 1976 ஒலிம்பிக்கில் ஃபிரான்ஸ் கிளாமர் ஓடியது என்றுதான் சொல்வீர்கள் என்று என் அப்பா பந்தயம் கட்டியிருக்கிறார்.

பதில்: உங்கள் அப்பா விவரமானவர். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக், பாட்ஷர்கோஃபெல் மலை, மஞ்சள் உடையில் 22 வயது ஃபிரான்ஸ் கிளாமர், சொந்த நாட்டு ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். முந்தைய ஒலிம்பிக் சாம்பியன் பெர்னார்ட் ருஸ்ஸி நல்ல நேரத்தைப் பதித்துவிட்டுக் கீழே நிற்கிறார். நடுவழியில் கிளாமர் பின்தங்கியிருந்தார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று, விழப்போகிறவர் மாதிரியே வந்து 0.33 நொடியில் ஜெயித்தார். அது ஓட்டமில்லை, கடைசிவரை தள்ளிப்போட்ட விழுகை!

ஆனால் நான் சொல்லப்போவது வேறு பெயர். ஜான்-லுக் கிரெட்டியே. பிரான்ஸ்காரர், 1998 நாகானோவில் 31 வயது. உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றில்கூட முதலாவதாக வராதவர். மையரைத் தூக்கி எறிந்த அதே திருப்பத்தை அன்று அவரும் கடந்தார். அங்கே விழுந்தது மையர் ஒருவர் மட்டும் இல்லை. கிரெட்டியே நின்றார், 1 நிமிடம் 50.11 நொடியில் கீழே வந்து சேர்ந்தார். நார்வேயின் லாஸ்ஸே யூஸ் 0.40 நொடி பின்னால். டவுன்ஹில் கணக்கில் அது பெரிய இடைவெளி. 1968இல் பிரான்ஸின் ஜான்-குளோட் கில்லி ஜெயித்த பிறகு ஒரு பிரெஞ்சு வீரர் ஒலிம்பிக் ஆண்கள் டவுன்ஹில்லில் ஜெயித்தது அன்றுதான். அவர் எப்படித் திரும்பினார் என்று காட்டுகிற வீடியோவைத் தேடிப் பாருங்கள். பறப்பது, புரள்வது எதுவும் இருக்காது. இரண்டு தடவை பார்த்தால்தான், மற்றவர்களைவிட எவ்வளவு நிதானமாக அந்த இடத்தில் நுழைந்தார் என்பது பிடிபடும்.

அப்பாவிடம் பந்தயப் பணத்தில் பாதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.