உங்கள் ஊரின் வரலாற்றை உங்களுக்குக் காட்டியவர் யார்?

எனக்கு அது சென்னையின் கதையை எழுதிவந்த பத்திரிகைக்காரர் எஸ். முத்தையா. அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை ஊரின் பிறந்தநாளையொட்டி நடக்கும் 'மெட்ராஸ் வாரம்' கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் பெயர் அடிபடாத திங்கட்கிழமை கிடையாது.

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனது. 'தி இந்து' ஆங்கில நாளிதழில் முத்தையா 1999 முதல் திங்கட்கிழமைகளில் எழுதிவந்த 'மெட்ராஸ் மிஸலனி' பத்திக்காகவே பக்கத்து வீட்டில் பேப்பரை வாங்கிவருவார். லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். சாயங்காலம் அவர்களிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து ஃபைலில் ஒட்டுவார்.

முத்தையா 1930இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவர். கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' நிறுவனத்தில் பதினேழு வருஷம் பத்திரிகைக்காரராக இருந்துவிட்டு 1968இல் மெட்ராஸுக்கு வந்தார். இங்கே டி.டி. மேப்ஸ் நிறுவனத்தில் வரைபடங்கள், ஊர்க் கையேடுகள் போடும் வேலை. தெருத் தெருவாக ஊரைப் பார்த்தே ஆகவேண்டிய வேலை அது. 1981இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' என்ற புத்தகம் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பெருத்து அதுவே பிறகு 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்டு' ஆனது. தமிழில் 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று கிடைக்கிறது.

1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற மாதமிருமுறை இதழைத் தொடங்கினார். சில பக்கங்கள்தான். பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்றால் அது யாருக்காக, எப்போது கட்டியது, உள்ளே என்னவெல்லாம் நடந்தது என்று அதில் விவரமாக வரும். இடித்த பிறகு அழுவதைவிட, இடிக்கும் முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அந்த இதழின் வேலை. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி, பள்ளி விடுமுறையில் என்னை அங்கே கூட்டிப்போய் அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்க்கவைத்தார். அதற்கு முன்னால் எங்களுக்கு ராயபுரம் என்றால் மீன் வாங்கும் இடம், அவ்வளவுதான்.

2004இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய மெட்ராஸ் தினம் இன்று எல்லாருக்கும் தெரியும். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாயக்கர் நிலம் கொடுத்ததை வைத்துக் குறித்த நாள். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஊர்கள், வெள்ளைக்காரன் வந்த நாளையா பிறந்தநாளாகக் கொண்டாடுவது என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாளையொட்டிக் கொண்டாடும் ஒரு வாரத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் தெருவுக்கும் ஒரு பழைய கதை உண்டு என்று முதன்முதலாகக் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், அவர் எழுதியதில் பெரும்பங்கு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. என் அப்பாவைப் போல எத்தனை பேர் அகராதியோடு உட்கார்ந்திருப்பார்கள்?

நான் அவரை மதிப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். அவருடைய பத்தியில் வாசகர் கடிதங்களுக்கென்று ஒரு பகுதி வரும். தபால்காரர் கதவைத் தட்டினார் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. அவர் ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதியிருப்பார். அதன் பழைய சொந்தக்காரரின் பேத்தி எழுதுவார். அங்கே வேலை பார்த்தவர் எழுதுவார். வருஷம் தப்பு என்று இன்னொருவர் எழுதுவார். எழுதியவர்கள் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் போடுவார், தான் எழுதியதில் பிழை என்றால் அங்கேயே திருத்திக்கொள்வார். கணினிப் பக்கம் போகாமல் தட்டச்சுப் பொறியிலேயே எழுதியவர், இப்படி வாரா வாரம் ஊராரை உட்காரவைத்து வரலாறு எழுதவைத்தார். ஆவணக் காப்பகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் வீட்டு அலமாரிகளிலிருந்தும் பெரியவர்களின் நினைவிலிருந்தும் அப்படி அச்சுக்கு வந்தது. அவர் பேராசிரியர் அல்ல, பத்திரிகைக்காரர். அடிக்குறிப்பு எங்கே என்று ஆய்வாளர்கள் கேட்கலாம். என்னைக் கேட்டால், தன் தப்பைப் பொதுவில் ஒப்புக்கொண்டு திருத்துகிறவரின் எழுத்தை நான் கூடுதலாகவே நம்புவேன்.

2019 ஏப்ரல் 20 அன்று முத்தையா காலமானார். அந்த வாரம் அப்பா ஃபைலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். எங்கள் தெருவில் பி அண்டு சி துணி மில்லுக்குப் போய்வந்த குடும்பங்கள் எவை, யார் எந்த ஷிஃப்ட், 1996இல் மில் மூடிய பிறகு யார் எங்கே போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். பதினேழு வீடு முடிந்திருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் ஸ்பின்னிங் இல்லை, வீவிங் என்று மருமகள் வந்து சொன்னதால், அந்த வரியை அடித்துத் திருத்தி, சொன்னவர் பெயரையும் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்.